அடியும் அளவும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயில், பல்லாவரத்தைக் கடந்தவுடன் குரோம்பேட்டை என்னும் நிலையத்தில் நிற்கிறது. நம் நாட்டு ஊர்கள் தெய்வத்தின் பெயராலும், மன்னர் பெயராலும், மரத்தின் பெயராலும் வழங்குவதை அறிவோம். இந்த ஊரோ தோல் பதனிடும் முறை ஒன்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பல ஆண்டுகளாக இவ்வூரில் குடியிருப்பவன் நான். நாள்தோறும் அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நின்று வண்டியேறும் மாணவர்களில் எத்தனை பேர் அப்பெயரின் வரலாற்றை நினைத்துப் பார்க்கிறார்கள் என்று எண்ணியதுண்டு.

தென்னாட்டில் தோலைப் பதப்படுத்த நெடுங்காலம் பயன்பட்டது ஆவாரம்பட்டை. பட்டை ஊறிய நீரில் தோலை வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றால் அதனை முடித்து, பாதி பதனிட்ட பொருளாகவே லண்டன் சந்தைக்குக் கப்பலேற்றி வந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் புதுமுறை மேல்நாடுகளில் வளர்ந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை நாட்கணக்கில் முடிந்தது. அவ்வாறு பதனிட்ட தோல் நீரையும் வெப்பத்தையும் நன்கு தாங்கிற்று. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் தலைவராய் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இம்முறையை இங்கே சோதித்துப் பார்த்தார். அவர் கருத்தில் இருந்தது காலணி மட்டுமன்று. கவலை ஏற்றத்தில் கிணற்று நீரை இறைக்கும் தோற்சாலும் ஆகும். அவரைத் தொடர்ந்து ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை அடுத்த வெளியில் குரோம் தோல் தொழிற்சாலையை நிறுவினார். தொழிற்சாலை மறைந்துவிட்டது, பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் நான் இன்று பேச வந்தது தோலைப் பற்றியன்று. தோல் பொதியும் பாதத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், அப்பாதத்தை அளப்பது பற்றி. இஃது ஒரு பேச்சுக்கு உரிய பொருளா என்று நீங்கள் நகைக்கலாம். நானும் ஒருகாலத்தில் அவ்வாறு நகைத்தவனே. என் தமையனாரின் கால்விரல் ஒன்று போன பிறகுதான் நகைப்பதை நிறுத்தினேன்.

என் தமையனார் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் வாழ்கிறார். ரயில்வேயில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவு நோய் உடையவர். அந்நோய் நீடித்தால் கால் நரம்புகள் மெல்ல உணர்விழக்கும். மருத்துவர் அவர் பாதத்தின் அடியில் ஒரு நைலான் இழையை ஊன்றிப் பார்த்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. இழை வளைந்தது, அண்ணனோ, "எப்பொழுது தொடப் போகிறீர்கள்?" என்று கேட்டார். மருத்துவர் ஒன்றும் சொல்லாமல், அவர் பாதத்திற்கென்றே செய்த உள்தட்டு ஒன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். இன்சோல் என்று கடைகளில் சொல்வார்களே, அதுதான்.

அளவை எழுதி அனுப்பினால் செய்து தரும் ஓர் இடத்தை நான் தேடிப் பிடித்தேன். அளவெடுக்கும் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொண்டேன். கட்டிலில் கால் தொங்க உட்கார்ந்திருந்த அண்ணனின் வலப்பாதத்தின் கீழ் ஒரு தாளை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தேன். காலை நேரம், அவருக்குப் பூசைக்குச் செல்லும் அவசரம். "மற்றக் காலும் வேண்டாமா, தம்பி?" என்று அவர் கேட்டார். "இரண்டும் ஒன்றுதானே, அண்ணா" என்றேன். குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை அளந்தேன், 256 மில்லிமீட்டர். அந்த ஓர் எண்ணை எழுதி அனுப்பினேன். அவர்கள் அனுப்பியிருந்த படிவத்தில் வேறு சில கேள்விகளும் இருந்தன. அவற்றுள் சிலவற்றை நான் வெறுமையாய் விட்டுவிட்டேன். ஆகவே இக்கதையில் குற்றம் என்னுடையது, செய்தவர்களுடையது அன்று.

அந்தக் குற்றம் இன்னது என்று விளங்க வேண்டுமானால், மனிதன் தன் பாதத்தை எவ்வாறு அளந்து வந்தான் என்பதைச் சிறிது பார்க்கவேண்டும்.

தமிழில் அடி என்ற சொல் உறுப்பையும் குறிக்கும். நீட்டல் அளவையையும் குறிக்கும். ஆங்கிலத்திலும் அவ்வாறே. விரற்கடை, சாண், முழம் எல்லாம் உடம்பிலிருந்து பிறந்த அளவுகள். ஆனால் எவர் உடம்பு? இந்தக் கேள்வியை நம் சிற்ப நூலார் மிக நுட்பமாக எழுப்பினார்கள். எட்டு யவை கொண்டது ஓர் அங்குலம் என்று பொது அளவு ஒன்றை அவர்கள் வகுத்தார்கள். அதற்கு மானாங்குலம் என்று பெயர். கட்டடத்திற்கு அது போதும். ஒரு திருமேனியைச் செய்யும்போதோ, அத்திருமேனியின் உயரத்தையே பகுத்து, அதிலிருந்து பிறக்கும் அங்குலத்தைக் கொண்டு அதன் உறுப்புகளை அளந்தார்கள். உத்தம தசதாலம் என்ற அளவில் உயரம் 124 பங்காகும். அதில் ஒரு பங்கே அத்திருமேனிக்கு உரிய அங்குலம். உருவம் தன்னையே தனக்கு அளவுகோலாகக் கொள்கிறது என்பது இதன் பொருள். பொது அளவு வேறு, தன்னளவு வேறு என்ற இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் இங்கே வருவோம்.

மேல்நாட்டில் காலணிக்கு வந்து சேர்ந்தது பொது அளவுதான். மூன்று வாற்கோதுமை மணிகளை நீளவாட்டில் வைத்தால் ஓர் அங்குலம் என்பது இடைக்கால இங்கிலாந்தின் சட்டம். அந்த மணி ஒன்றின் நீளமே, அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கே, காலணியில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆயிற்று. 1688-ஆம் ஆண்டில் ராண்டில் ஹோம் என்பவர் வெளியிட்ட நூலில் செருப்புத் தொழிலாளரின் இந்த அளவுமுறை குறிக்கப்பட்டுள்ளது. குழந்தைகளின் அளவு 4 அங்குலத்தில் தொடங்கி, 13 எண்கள் ஏறி முடியும்; பின்னர் பெரியவர்களுக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். கணக்கிட்டுப் பார்த்தால், நாம் கடையில் கேட்டு வாங்கும் 8-ஆம் எண் 11 அங்குல நீளமாகும். பிரான்சில் ஓர் எண்ணுக்குச் சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே 42 என்பது 28 சென்டிமீட்டர். ஏறத்தாழ நம் 8-ஆம் எண்ணேதான்.

இந்த எண்கள் பாதத்தின் அளவைச் சொல்வன அல்ல. காலணி எதன்மேல் வைத்துத் தைக்கப்படுகிறதோ அந்த அச்சுக்கட்டையின் நீளத்தைச் சொல்வன. இதனைப் பலர் அறியார், நானும் அறியாதிருந்தேன். நீளத்தைத் தவிர வேறொன்றையும் அவை சொல்லுவதில்லை என்பது இன்னும் பெரிய குறை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேல்நாட்டுச் சப்பாத்துகளில் பெரும்பாலானவை இடம், வலம் என்ற வேறுபாடே இல்லாமல் செய்யப்பட்டன என்றால் நம்புவீர்களா? ஒரே கட்டையில் இரண்டும் தைத்தால் தொழிலுக்குச் சிக்கனம், துன்பம் அணிபவனுக்கு. நம் ஊர்களில் மரத்தடியில் அமர்ந்து செருப்புத் தைத்தவர், வாடிக்கைக்காரரின் காலைத் தோலின்மேலேயே வைக்கச் சொல்லி உளியால் கோடிழுத்துக்கொண்டார். அவரிடம் எண் இல்லை. ஆனால் அவர் கண்முன் பாதம் இருந்தது. அவரைத் தாழ்வாக நடத்திய சமூகம், தன் பாதத்தை மட்டும் அவர் கையில் நம்பி ஒப்படைத்தது!

நீளம் ஒன்றே போதாது என்பதை ஒரு கருவியாக்கிக் காட்டியவர் அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரத்துச் சப்பாத்துக் கடைக்காரர் மகன் சார்லஸ் பிரானக். அவர் 1920-களில் உருவாக்கிய உலோகத் தட்டு மூன்று அளவுகளைத் தந்தது: குதிகாலிலிருந்து விரல் நுனி வரை ஒன்று, அகலம் ஒன்று, குதிகாலிலிருந்து பெருவிரல் அடிமூட்டு வரை ஒன்று. இந்த மூன்றாவது அளவே நுட்பமானது. நாம் நடக்கையில் பாதம் மடங்குவது அந்த மூட்டில்தான். ஒரே நீளமுள்ள இரண்டு பாதங்களில் ஒன்றிற்கு விரல்கள் நீண்டிருக்கலாம், மற்றதற்குக் குறுகியிருக்கலாம். நீண்ட விரல் உடைய பாதத்தில் மூட்டு பின்னே தள்ளி நிற்கும். காலணி மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் வெவ்வேறானால் இரண்டுக்கும் போராட்டம்தான்.

வலியுணர்வு உள்ளவனுக்கு அந்தப் போராட்டம் உடனே தெரிந்துவிடும். கடித்த செருப்பைக் கழற்றி எறிந்துவிடுவான். வலியில்லாதவன் என்ன செய்வான்? அதற்கு விடை தேடப்பட்ட இடம் தாம்பரத்திற்குத் தெற்கே, அதே ரயில் பாதையில், ஒரு மணி நேரப் பயணத்திற்குள் இருக்கிறது.

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவ நிலையம் இருந்தது. 1955-இல் மைய அரசு அதனை ஏற்று, தொழுநோய்க் கல்வி ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதற்கு முன், 1947-ஆம் ஆண்டில், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் புதிதாய்ச் சேர்ந்திருந்த பால் பிராண்டு என்ற எலும்பு அறுவை மருத்துவர் அங்கே வந்தார். தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துச் சென்று சுற்றிக் காட்டினார். விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியிடம், தம் கையைப் பற்றி அழுத்தும்படி பிராண்டு சொன்னார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவருக்கு, கை நோகும் அளவு இறுகிய பிடி கிடைத்தது. தசை அழியவில்லை, நரம்புதான் செயலிழந்திருக்கிறது! அன்று தொடங்கிய ஆராய்ச்சி, உலகம் பல நூற்றாண்டுகளாய் நம்பி வந்த ஒரு கருத்தைத் தகர்த்தது. தொழுநோயால் சதை தானே அழுகி உதிர்கிறது என்பதே அக்கருத்து. உண்மை வேறு. உணர்விழந்த கையும் காலும், தமக்கு நேரும் சிறு காயங்களை அறியாமையால், நாள்தோறும் சிறிது சிறிதாக அழிந்தன. கிடங்கு ஒன்றின் துருப்பிடித்த பூட்டைத் திறக்கமாட்டாமல் பிராண்டு தடுமாறியபோது, நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டானாம். அவன் விரல் எலும்பு தெரியுமளவு அறுபட்டிருந்ததை அவன் உணரவேயில்லையாம்.

கையைவிடக் காலே பெரிய சிக்கலாயிற்று. ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடை விரலடி மூட்டெலும்புகளின்மேல் விழுகிறது. நமக்குச் சிறிது நொந்தால், அறியாமலே நடையை மாற்றிக்கொள்வோம். அவர்களோ அதே இடத்தை மீண்டும் மீண்டும் மிதித்தார்கள். அந்த இடம் புண்ணாயிற்று. கொழும்பில் பணியாற்றிய தமிழ் அறுவை மருத்துவர் மில்ராய் பால், அத்தகைய புண்ணுள்ள பாதத்தை மாவுக்கட்டுக்குள் பொதிந்து, நோயாளியை நடக்கவிட்டே புண்ணை ஆற்றியிருந்தார். பாதத்தின் ஒவ்வொரு மேடுபள்ளத்தோடும் பொருந்திய கட்டில் எடை எங்கும் பரவி விழும், ஓரிடத்தில் குவியாது. பிராண்டு அம்முறையைக் கைக்கொண்டு விரிவாக்கினார். ஆறிய காலை மறுபடியும் புண்ணாகாமல் காப்பதற்கு வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி நிலையத்திலும் காலணி ஆய்வுகள் நடந்தன. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்ரப்பரை உள்ளடியாகவும், முள் ஏறாத கடின ரப்பரை வெளியடியாகவும் வைத்து, ஆணி ஒன்றுகூட இல்லாமல் செருப்புகள் செய்யப்பட்டன. ஆணியை விலக்கியதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கறுப்புச் செருப்பைக் கண்டாலே தொழுநோயாளி என்று ஊரார் அடையாளம் கண்டுகொண்டதால், அதனை அணிய மறுத்தோரும் உண்டு. பாதத்திற்குப் பொருந்திய செருப்பு ஊருக்குப் பொருந்தவில்லை!

பிராண்டு 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். தொழுநோயாளர் காலில் கற்ற பாடம் நீரிழிவு நோயாளர் காலுக்கும் அப்படியே பொருந்துவது அங்கே தெளிவாயிற்று. கொழும்பிலும் வேலூரிலும் வளர்ந்த முறை அவ்வாறு கடல் கடந்து, இன்று உலகின் நீரிழிவு மருத்துவமனைகளில் வழங்குகிறது. சென்னையிலும் ராயபுரத்து நீரிழிவு மருத்துவமனையினர், அடையாற்றின் மையத் தோல் ஆராய்ச்சி நிலையத்து அறிஞரோடு சேர்ந்து, பலவகை உள்ளடிகளை நோயாளிகளுக்கு அணிவித்து ஆராய்ந்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். எடையைப் பரப்பும் மென்மையான உள்ளடி அணிந்தவர்களுக்குப் புதுப்புண் மிகக் குறைவாகவே வந்தது.

அடையாற்று நிலையத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். 1948-இல் தோன்றிய அந்நிலையம், 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையில் நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. முப்பரிமாணமாகப் படமெடுக்கும் கருவியில் பாதத்தை வைத்தால் நீளம், அகலம், சுற்றளவு, வளைவு யாவும் பதிவாகும். இந்தியர் பாதம் மேல்நாட்டார் பாதத்தைவிட அகலமானது என்பது அந்த ஆய்வில் புலனாயிற்று. அகலம் போதாமையால் நாம் ஓர் எண் பெரிய சப்பாத்தை வாங்கி, நீளம் மிகுந்து வழுக்குவதைத் தடுக்க நாடாவை இறுக்கிக் கட்டி வந்திருக்கிறோம். வாற்கோதுமை மணியை அளவாகக் கொண்டவர்கள் வகுத்த எண்ணுக்குள் நம் பாதத்தை மடக்கிவைத்த காலம் அது. நாட்டின் பகுதிக்கு ஒன்றாக ஐந்து அளவுமுறைகள் தேவைப்படலாம் என்று கருதித் தொடங்கியவர்கள், முழு நாட்டுக்கும் ஒரே முறை போதும் என்று கண்டார்கள். பாரதத்தின் முதலெழுத்தைக் கொண்டு 'பா' என்று பெயரிடப்பட்ட அம்முறை, வயதையும் பாலையும் ஒட்டிய எட்டுப் பிரிவுகளை உடையதாகப் பரிந்துரைக்கப்பட்டது. பெருமைப்படத்தக்க பணி என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் இதுவும் மானாங்குலமே. இலட்சம் பேரின் பாதத்திலிருந்து பிறந்த அளவு இலட்சம் பேருக்கு உதவும். என் தமையனாரின் கால் அந்த இலட்சத்தில் எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லாது.

இப்பொழுது என் கதைக்கு வருகிறேன். உள்தட்டு வந்து சேர்ந்தது. பார்வைக்கு அழகாகவே இருந்தது. அண்ணன் அதனைச் சப்பாத்துக்குள் வைத்து அணிந்து, நாள்தோறும் மாலையில் சேலையூர் ஏரிப் பக்கம் நடந்தார். "எப்படி இருக்கிறது, அண்ணா?" என்று கேட்டேன். "மிகவும் சுகமாக இருக்கிறது, தம்பி, போட்டிருப்பதே தெரியவில்லை" என்றார். அந்த விடையில் நான் மகிழ்ந்தேன். மூன்றாம் வாரத்தில் அண்ணியார் தரையைத் துடைக்கும்போது சிறு கறை ஒன்றைக் கண்டார். அது வாசலிலிருந்து கட்டில் வரை தொடர்ந்து வந்தது. அண்ணனின் வலப்பாதத்தில், இரண்டாம் விரலின் அடியில், நாணய அளவில் ஒரு புண். அவர் அதனைப் பார்த்து வியந்தார். பிறகு எங்களைப் பார்த்து, தாம் ஏதோ பிழை செய்தவர்போல், "வலிக்கவே இல்லையே" என்றார். சீழ் எலும்புவரை சென்றிருந்தது. விரலை எடுத்துவிட்டுத்தான் பாதத்தைக் காக்க முடிந்தது.

நடந்தது இதுதான். அத்தகைய உள்தட்டுகளில், விரலடி மூட்டெலும்புகளுக்குச் சற்றுப் பின்னே ஒரு சிறு மேடு அமைப்பார்கள். அந்த மேடு எடையைத் தான் தாங்கி, எலும்பு முனைகளை விடுவிக்கும். அது முன்னே தள்ளி அமைந்துவிட்டாலோ, விடுவிக்க வேண்டிய எலும்பையே அழுத்தும். அண்ணனுக்கு நீண்ட விரல்கள். ஆகவே மூட்டுகள் பின்னே தள்ளி நிற்பவை. நான் அனுப்பியதோ மொத்த நீளம் மட்டும். மூட்டு எங்கே என்ற கேள்வியை வெறுமையாய் விட்டிருந்தேன். செய்தவர்கள், அந்த நீளமுள்ள பாதத்துக்குப் பொதுவாக எங்கே இருக்குமோ அங்கே மேட்டை வைத்தார்கள். அது நேராக எலும்பின் கீழ் வந்து நின்றது.

புண் ஆறியபின், சென்னையின் தென்பகுதியிலேயே ஒரு நிலையத்தில் இரண்டாம் முறை அளவெடுத்தார்கள். அளந்தவர் ஓர் இளைஞர். உங்களைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். அவர் அண்ணனை மாலையில் வரச் சொன்னார். பகலெல்லாம் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலை அளவில் செய்த காலணி மாலையில் இறுக்கும். முதலில் வெறுங்காலில் நிற்கச் சொன்னார். எடை இரு கால்களிலும் ஒத்து விழ வேண்டும் என்று, சுவரில் ஓரிடத்தைக் காட்டி அதனை நேரே பார்க்கச் சொன்னார்; குனிந்து தன் காலைப் பார்ப்பவரின் எடை முன்னே சாய்ந்துவிடுமாம். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் வரைந்தார். பென்சில் உட்புறம் சாய்ந்தால் பாதம் சிறுக்கும், வெளிப்புறம் சாய்ந்தால் பெருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வரைந்தார். பெருவிரல் மூட்டையும் சிறுவிரல் மூட்டையும் விரலால் தடவி அறிந்து, தாளில் இரு குறிகள் இட்டார். முன்பாதத்தின் சுற்றளவையும் புறவடியின் சுற்றளவையும் நாடாவால் எடுத்தார். அண்ணன் அணியும் காலுறையின் தடிப்பையும், சப்பாத்தின் உள்ளே இருந்த பழைய தட்டை நீக்கிய பின் எஞ்சும் ஆழத்தையும் குறித்தார். அகற்றிய விரலின் இடத்தையும், பழைய புண்ணின் தழும்பையும் தாளில் வரைந்து காட்டினார்.

அதன்பின், அழுத்தினால் அமுங்கி அச்சை ஏற்கும் நுரைப்பெட்டி ஒன்றைக் கொணர்ந்தார். இம்முறை அண்ணனை நாற்காலியில் உட்காரச் சொல்லி, காலைத் தம் கையால் பிடித்து மெல்ல நுரையில் அமுக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. "உட்கார்ந்து அளப்பது பிழையன்றோ?" என்று கேட்டேன்.

"பிழையில்லை, ஐயா" என்றார் அவர். "நீள அகலத்தை நிற்கும்போது எடுக்கவேண்டும். நிற்கும்போது வளைவு தாழும், பாதம் நீளும். தட்டின் வளைவுக்கு வேண்டிய அச்சை எடையில்லாமல் எடுப்பவர்களும் உண்டு, பாதி எடையில் எடுப்பவர்களும் உண்டு. எப்படி எடுத்தோம் என்பதை எழுதிவிட்டால் செய்பவர் அதற்கேற்பச் செய்வார். எழுதாவிட்டால்தான் ஆபத்து."

அவர் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், நின்றபோது, உட்கார்ந்தபோது, வலம், இடம், மாலை 5 மணி என்று எழுதினார். எல்லாம் மில்லிமீட்டரில். எழுதி முடித்தபின் எல்லாவற்றையும் இன்னொரு முறை அளந்தார். ஓர் எண் இரண்டு மில்லிமீட்டர் வேறுபட்டது. மூன்றாம் முறை அளந்தார். ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அண்ணன் பொறுமையாக இருந்தார். அந்த இளைஞர் குனிந்து தம் பாதத்தை மடியில் ஏந்தியிருந்தது அவருக்குத்தான் கூச்சமாக இருந்தது; "போதும், தம்பி, எழுந்திருங்கள்" என்று இருமுறை சொல்லிப் பார்த்தார்.

புதுத் தட்டு வந்தபோது அதனை அணிந்து முதல் நாள் அரைமணி நேரமே நடக்கவேண்டும், பிறகு கழற்றிப் பாதத்தில் சிவப்பு இருக்கிறதா என்று ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்றும் அண்ணியார் இரவில் அந்தக் கண்ணாடியை எடுத்துவைக்கிறார். அண்ணனின் பாதம் சொல்லாததை அந்தக் கண்ணாடி சொல்கிறது.

அந்த இளைஞர் வரைந்த தாளின் படி ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் முதலில் வரைந்த தாளும் இருக்கிறது. ஒருநாள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சன்னலின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலப்பாதம் நின்றபோது 263 மில்லிமீட்டர். என் எண்ணைவிட 7 மிகுதி. இடப்பாதம் 267. "இரண்டும் ஒன்றுதானே" என்று நான் சொல்லியிருந்தேன். அவர் தாளில் பெருவிரல் மூட்டுக்கும் சிறுவிரல் மூட்டுக்கும் இட்ட இரண்டு சிறு குறிகள் தெளிவாகத் தெரிந்தன. என் தாளில் அந்த இடத்தில் எதுவும் இல்லை; வெறும் வெள்ளைத் தாள்தான்.